படம் அச்சேறுமுன் மனு எண் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விவசாயப் பக்கத்தில் புதுக் கருவி செய்தவர்களின் படங்கள் அடிக்கடி வருகின்றன. வாழை இலை அறுக்க ஒரு கத்தி, தென்னம்பாளை சீவ ஓர் அரிவாள் என்று தன் பட்டறையில் யோசித்துச் செய்தவர், கருவியைக் கையில் பிடித்தபடி நிற்பார். டெல்டாவில் இன்னும் இப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன என்று பார்க்கும்போது மனது நிறைகிறது. ஆனால் மனு கொடுக்காதவர் என்றால், அந்தப் படம் அச்சாகிற காலையிலேயே அந்த வடிவத்தைத் தன் பெயரில் பதிவு செய்யும் வாய்ப்பு அவருக்குப் போய்விடுகிறது. இது அவருக்கும் தெரிவதில்லை, செய்தி எடுக்க வந்தவருக்கும் தெரிவதில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

ஒரு பொருளின் வடிவத்தைக் காப்பது 2000ஆம் ஆண்டின் டிசைன் சட்டம். அதன் 4ஆம் பிரிவு சொல்வது இதுதான்: மனு கொடுக்கும் தேதிக்கு முன்பே இந்தியாவிலோ வேறு எந்த நாட்டிலோ அச்சிலோ, புழக்கத்திலோ, வேறு எந்த வழியிலோ வெளியே தெரிந்துவிட்ட வடிவத்தைப் பதிய முடியாது. நாளிதழ்ப் படம் மட்டுமல்ல, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், யூடியூப் வீடியோ, கடைத்தெருவில் விற்ற பத்துக் கத்தி, கண்காட்சி மேசையில் பரப்பி வைத்தது எல்லாமே இதில் அடங்கும். கண்காட்சிக்கு ஒரு சலுகை உண்டு. மத்திய அரசு அதற்கென அறிவித்த கண்காட்சியாக இருக்க வேண்டும், காட்டுவதற்கு முன்பே பதிவு அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்திருக்க வேண்டும், காட்டிய ஆறு மாதத்துக்குள் மனுவும் போட வேண்டும். நம் ஊர் உழவர் திருவிழாவில் ஸ்டால் போடுபவருக்கு இந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது.

எது பதிவாகும், எது ஆகாது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி பக்கம் இலை அறுப்பவர்கள் பயன்படுத்தும் கத்தியையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் அதன் நுனியைக் கொக்கியாக வளைத்து, வாழைக்கறை பிடிக்கு வழியாதபடி அலகின் அடியில் ஒரு பள்ளம் வைத்து, உள்ளங்கையில் உட்கார்கிற மாதிரி பிடியைப் புடைக்கச் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தால் தெரிகிற மொத்த உருவம், அதாவது வளைவு, பள்ளத்தின் தோற்றம், பிடியின் புடைப்பு, டிசைன் பதிவுக்கு உரியது. 'கறை இந்தப் பள்ளத்தில் இறங்கி வெளியேறும்' என்கிற வேலை செய்யும் முறை அதற்கு உரியதல்ல. அது உண்மையிலேயே புதிதாக இருந்தால் பேட்டன்ட் வழியில்தான் போக வேண்டும். பேட்டன்ட்டுக்கு 20 ஆண்டு காலம் உண்டு, ஆனால் செலவும் அலைச்சலும் பல மடங்கு. பழைய கத்தியின் நீளத்தை இரண்டு அங்குலம் கூட்டியதெல்லாம் இரண்டிலும் நிற்காது. கத்தி செய்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு டிசைன் பதிவும் ஒரு வணிகக்குறியும் போதும் என்பதே என் கருத்து.

'புவிசார் குறியீடு வாங்கிவிடலாமே' என்று கேட்பவர்கள் நிறைய. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கும் சுவாமிமலை ஐம்பொன் சிலைக்கும் 2025இல் கும்பகோணம் வெற்றிலைக்கும் கிடைத்தது அது. அந்த மண்ணோடு சேர்ந்த பொருளுக்கு, அந்தப் பகுதியில் அதைச் செய்கிற எல்லோருக்கும் பொதுவான உரிமை. தனி ஒருவர் நேற்று யோசித்த கத்திக்கு அதில் இடமில்லை. 'வரைபடம் என் கையால் போட்டது, பதிப்புரிமை இருக்கிறதே' என்பதும் உதவாது. பதியக்கூடிய வடிவத்தைப் பதியாமல் விட்டுவிட்டு 50 உருப்படிக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவத்தில் இருக்கும் பதிப்புரிமை முடிந்துபோகும் என்று பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது.

மனுவுக்கு ஆகும் செலவு பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் 1,000 ரூபாய், மற்றவர்களுக்கு 4,000. படிவம் 1இல் இணையவழியே போடலாம். சென்னை கிண்டி அலுவலகத்திலும் கொடுக்கலாம். பரிசீலனை கொல்கத்தாவில் நடக்கும். பொருளின் வகையைக் காட்டும் வகுப்பு எண்ணும் மனுவில் வேண்டும்: வெட்டும் கருவிகளுக்கு 08-03, சாப்பாட்டு மேசைக் கத்திக்கு 07-03. பதிவானால் 10 ஆண்டு, அதற்குள் இன்னும் 2,000 ரூபாய் கட்டினால் கூடுதலாக 5 ஆண்டு, ஆக மொத்தம் 15. காலம் மனு கொடுத்த தேதியிலிருந்தே கணக்கு. உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) உள்ள சிறு தொழிலுக்கு, 2022இல் வந்த எம்எஸ்எம்இ இன்னோவேட்டிவ் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் டிசைன் பதிவுச் செலவில் 15,000 ரூபாய் வரையும் வணிகக்குறிக்கு 10,000 ரூபாய் வரையும் திரும்பப் பெற இடமிருக்கிறது. பதிவு கைக்கு வந்த பிறகு கேட்டு வாங்குகிற பணம் அது, முன்பணமாகக் கிடைக்காது.

மனு தடுக்கி விழுகிற இடம் படங்கள்தான். முன், பின், இடம், வலம், மேல், கீழ் என்று ஆறு பக்கமும், சாய்வாகப் பார்த்த ஒன்றும் வேண்டும். வெள்ளைப் பின்னணியில், ஒரே அளவு விகிதத்தில், நிழல் விழாமல் இருக்க வேண்டும். அளவுகளை எழுதக் கூடாது, விளக்கக் குறிப்பு கூடாது, உள்ளே மறைந்திருப்பதைப் புள்ளிக்கோட்டால் காட்டக் கூடாது. பட்டறையில் செல்போனில் எடுத்த படத்தில் இடப்பக்கம் மூன்று ரிவிட், வலப்பக்கம் இரண்டு ரிவிட் என்று தெரிந்தால் அங்கேயே ஆட்சேபம் வரும். மாதிரியைத் திரும்பச் செய்கையில் ஒன்றை மாற்றி அடித்துவிட்டு, பழைய படத்தையும் புதிய படத்தையும் கலந்து அனுப்புவதால் நேர்வது இது. அலகில் பெயர் முத்திரை இருந்தால் படத்துக்கு முன் எடுத்துவிடுங்கள், அல்லது எழுத்துக்கும் எண்ணுக்கும் உரிமை கோரவில்லை என்று மனுவிலேயே எழுதுங்கள். 'புது மாடல் கத்தி' என்று பொருளின் பெயரை எழுதுவதும் தவறு. 'வாழை இலை அறுக்கும் கத்தி' என்று எழுதி, புதுமை எந்தப் பகுதியின் வடிவத்தில் இருக்கிறது என்று ஒரு வரியில் சொன்னால் போதும். ஆட்சேபக் கடிதம் வந்தால் கண்டுகொள்ளாமல் இருந்துவிடாதீர்கள். மனு தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாக் குறையும் தீர வேண்டும். கேட்டால் மூன்று மாதம் கூட்டித் தருவார்கள்.

முழுக் கத்திக்கு ஒரு மனு போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நகல் எடுப்பவன் முழுக் கத்தியையும் அப்படியே அடிக்க மாட்டான். பிடியை மாற்றி அலகை வைத்துக்கொள்வான், அல்லது அலகை மாற்றிப் பிடியை வைத்துக்கொள்வான். தனியாகச் செய்து தனியாக விற்கக்கூடிய பாகத்தைத் தனியாகவே பதியலாம். பிடிதான் உங்கள் புதுமை என்றால் பிடிக்கு இன்னொரு 1,000 ரூபாய் போடுவது வீண் செலவல்ல.

வரைபடம் போட்டுத் தந்த இன்ஜினியரிங் மாணவர் யார் என்பதும் முக்கியம். வடிவத்தை உருவாக்கியவரே சட்டப்படி அதன் உரிமையாளர், கூலி கொடுத்துச் செய்யச் சொன்னதாக இருந்தால் ஒழிய. அதனால் பணம் கொடுக்கும்போதே 'இன்ன தொகை பெற்றுக்கொண்டு இன்னாருக்காக வரைந்து கொடுத்தேன், உரிமை அவருக்கே' என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அண்ணன் தம்பி பட்டறையிலும் இதைச் செய்யுங்கள். உறவில் எழுத்து எதற்கு என்று விட்ட இடத்தில்தான் பின்னால் பாகப்பிரிவினையோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது.

'வெளியே காட்டாமல் எப்படிச் சோதிப்பது' என்பது நியாயமான கேள்வி. நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் காட்டுவது வெளியிட்டதாக ஆகாது என்று சட்டத்தின் 16ஆம் பிரிவு இடம் தருகிறது. மாதிரிகளை ஐந்துக்கு மேல் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றின் வாலிலும், அதாவது பிடிக்குள் போகிற அலகின் பகுதியிலும், எண் குத்துங்கள். வாங்கிக்கொள்பவரிடம் 'பிறரிடம் காட்டமாட்டேன், படம் எடுக்கமாட்டேன், இன்ன தேதியில் திருப்பித் தருவேன்' என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். காசுக்கு விற்காதீர்கள். விற்றால் ரகசியம் என்று வாதாட முடியாது. எத்தனை இலை அறுத்த பிறகு சாணை தேவைப்பட்டது, எந்த விரலில் காய்ப்பு ஏறியது, நடு நரம்பு ஒரே இழுப்பில் அறுந்ததா, நசுங்கி நார் தொங்கியதா என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். இந்தச் சோதனையில் வடிவம் மாறினால், மாறிய பிறகுதான் மனு. அவசரப்பட்டு முதல் மாதிரியைப் பதிந்துவிட்டு வேறு வடிவத்தை விற்பவர்கள், விற்காத கத்திக்குத்தான் பாதுகாப்பு வாங்கியிருக்கிறார்கள்.

மனு எண் வந்த பிறகு உற்பத்தி. ஒரு கத்தியை நன்றாகச் செய்வது வேறு, நூறு கத்தியை ஒரே மாதிரி செய்வது வேறு. பெரும்பாலான பட்டறைகளில் பழைய லாரிப் பட்டைதான், அதாவது லாரிக்கு அடியில் குலுக்கலைத் தாங்கும் வில்பட்டைதான், மூலப்பொருள். ஒன்றிரண்டு அரிவாளுக்கு அது அருமையான எஃகு. ஆனால் வருடக்கணக்கில் குலுங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். ஒரு லாரியின் பட்டையும் இன்னொரு லாரியின் பட்டையும் ஒரே கலவையாகவும் இருக்காது. அதே சூடு, அதே எண்ணெய், ஆனால் ஒன்று வாய் (வெட்டும் ஓரம்) மடியும், இன்னொன்று பல் பல்லாகப் பெயரும். பெயர் போட்டு விற்கிற சரக்குக்கு, சோதனைச் சான்றிதழோடு வருகிற புது இஎன்45 (வில்பட்டைக்கான எஃகு ரகம்) பட்டையோ தகடோ வாங்குங்கள். 3 மில்லிமீட்டர் தடிப்பு, 40 அகலம், 250 நீளம் என்றால் ஓர் அலகுக்கு ஏறத்தாழ 235 கிராம். கழிவையும் சேர்த்து நூறு அலகுக்கு 30 கிலோ என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

திருச்சி துவாக்குடி பக்கம் லேசரில் வெட்டித் தரும் யூனிட்டுகள் உண்டு. வளைவு நூறிலும் ஒன்றுபோல வரும். ஆனால் லேசர் பட்ட ஓரம் கருகிக் கடினமாகியிருக்கும், நுண்ணிய விரிசலும் இருக்கலாம். வெட்டியதை அப்படியே காய்ச்சித் துவைச்சல் போட்டால், அதாவது சூட்டோடு எண்ணெயில் இறக்கிக் கடினமாக்கினால், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். சுற்றிலும் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை கிரைண்டரில் எடுத்துவிட்டு, ஓரங்களை உப்புத்தாள் போட்டு மழுக்கிய பிறகே அடுப்பில் வைக்க வேண்டும்.

துவைச்சலில்தான் கத்தியின் உயிர் இருக்கிறது, அதை நிறம் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சித்திரை வெயிலில் செந்நிறம் ஒன்றாகத் தெரியும், மார்கழி மூட்டத்தில் வேறாகத் தெரியும். காந்தம் ஒட்டுவது 770 டிகிரி வாக்கில் நின்றுவிடும். அதற்கும் கொஞ்சம் மேலே, 830 முதல் 860 டிகிரிக்குள் அலகு முழுவதும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு எண்ணெயில் இறக்க வேண்டும். தண்ணீரில் இறக்கினால் இந்த எஃகு மயிரிழை போல விரிசல் விடும். அன்று தெரியாது, வாங்கியவர் கையில் இரண்டாம் வாரம் உடையும். எண்ணெயில் நேர்செங்குத்தாக இறக்குங்கள், சாய்த்து இறக்கினால் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். வாயை முன்கூட்டியே மெல்லிசாக அரைத்துவிட்டுக் காய்ச்சினாலும் வளையும். அரை மில்லிமீட்டராவது விட்டு வைத்து, கடைசியில் அரையுங்கள். எண்ணெயிலிருந்து எடுத்த அலகு கண்ணாடி மாதிரி. அன்றைக்கே 250 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்துப் பதம் தணிக்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று மேசையில் போட்டு வைத்ததால் தானாக வெடித்த அலகுகள் உண்டு. எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் சி அளவில் 55 முதல் 58க்குள் நின்றால் இலைக்கத்திக்குப் போதும். 50க்குக் கீழே வாய் மடியும். எவர்சில்வர் கத்தி என்று சொல்லி 420 ரக ஸ்டெயின்லெஸ் தகட்டைக் கரி உலையில் காய்ச்சுபவர்கள் வீணாக உழைக்கிறார்கள். அதற்கு 1,000 டிகிரியை ஒட்டிய சீரான சூடு வேண்டும். உலையில் வாய் கருகும், நடு வேகாது.

பிடி மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தில் பூண் அடித்தால் கோடையில் மரம் சுருங்கிப் பூண் கழன்று, அலகு கையோடு வராமல் தனியே பறக்கும். அது தரக் குறை மட்டுமல்ல, ஆபத்து.

விற்பனைக்கு வரும்போது சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் கத்திக்கென்றே இருக்கின்றன. ஆயுத விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருகிறது. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயனுக்காக வடிவமைத்தவை அதில் சேரா. அதனால் இந்தக் கத்தி எந்த வேலைக்கு என்பது பெயரிலும் உறையிலும் பில்லிலும் ஒன்றுபோல இருக்கட்டும். இரண்டு பக்கமும் வாய் வைத்து, நுனியைக் குத்தீட்டி மாதிரி ஆக்கி, 'இலை அறுக்க' என்று ஒட்டினால் யாரும் ஏற்க மாட்டார்கள். 2021இல் தமிழ்நாடு காவல்துறை, கத்தி அரிவாள் செய்பவர்கள் வாங்குபவரின் பெயர், முகவரி, செல்போன் எண், காரணம் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஒரு கோடு போட்ட நோட்டு போதும். தவறாமல் எழுதுங்கள்.

மற்றொன்று ஜிஎஸ்டி. அரிவாள் போன்ற விவசாயக் கைக்கருவிகள் 8201 என்ற பொருள் குறியீட்டு எண்ணில் வரியில்லாமல் வரும். சாதாரணக் கத்தி 8211. அதற்கு 2022 ஜூலை 18 முதல் வரி 18 சதவீதமானது. பில் போடுபவர் 'கத்தி' என்று பார்த்துவிட்டு 8211 என்று அடித்தால் விலையே மாறிவிடும். பெட்டியில் போட்டு விற்றால் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எண்ணிக்கை, மாதம், ஆண்டு, எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச விலை, புகார் எண் ஆகியவை பெட்டி மேல் இருக்க வேண்டும்.

பெயருக்கு வணிகக்குறி, அதுவும் 8ஆம் வகுப்பில்தான். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையவழியில் 4,500 ரூபாய். 'தஞ்சாவூர் கத்தி', 'நம்பர் ஒன் அரிவாள்' என்றெல்லாம் கேட்டால் ஆட்சேபம் வரும்; ஊர்ப் பெயரையும் புகழ்ச்சியையும் தனி ஒருவருக்கு எழுதித் தர மாட்டார்கள். பதிவான டிசைன் என்றால் ஒவ்வொரு கத்தியிலும் 'ஆர்டி' என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் பதிவு எண்ணும் குத்தியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், குறி போட எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று காட்டினால் ஒழிய, நகல் எடுத்தவனிடமிருந்து பணம் வாங்க முடியாது. துவைச்சலுக்கு முன்பே குத்திவிடுங்கள். பிறகு குத்தினால் உளி மழுங்கும், அலகும் தெறிக்கலாம்.

நகல் வந்துவிட்டால்? சட்டம் தருகிற தொகை ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய் வரை, ஒரு டிசைனுக்கு மொத்தமே 50,000 வரைதான். இதைப் பெரிதாக எண்ணி நீதிமன்றம் போக வேண்டாம். உண்மையான பலம் தடை உத்தரவும் நஷ்டஈடும். மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே இந்த வழக்கு போகாது. எதிராளி 'இந்தப் பதிவே செல்லாது' என்று வாதம் எடுத்தால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். பதிவே செல்லாது என்று சொல்ல அவர் தேடுவது எதை? மனு தேதிக்கு முந்தைய ஒரு வீடியோ, ஒரு பில், அல்லது, ஆசிரியர் அவர்களே, உங்கள் நாளிதழின் ஒரு பக்கம். பாராட்டி எழுதிய செய்தி, பாராட்டப்பட்டவருக்கு எதிராகவே தேதியோடு கூடிய சாட்சியாக நிற்கும்.

அதனால் கேட்கிறேன். புதுக் கருவி செய்தவரைப் பற்றிச் செய்தி எழுதும் உங்கள் நிருபர்கள், படம் எடுக்கும் முன் 'டிசைன் மனு போட்டாச்சா, எண் என்ன' என்று ஒரு கேள்வி கேட்கட்டும். போடவில்லை என்றால் செய்தியை நிறுத்தி வையுங்கள். இணையவழியில் மனு எண் அன்றைக்கே கிடைத்துவிடும், செய்தி ஒரு வாரம் தள்ளி வந்தால் யாருக்கும் நட்டமில்லை. அதுபோலவே டெல்டா மாவட்டங்களின் தொழில் மையங்களும் வேளாண் பொறியியல் துறையும் கண்காட்சி ஸ்டாலுக்கான விண்ணப்பத்தில் 'புதிய வடிவமா, மனு எண் உண்டா' என்று ஒரு வரி சேர்க்கட்டும். இல்லாதவருக்கு அங்கேயே ஒரு கணினி வைத்து, கண்காட்சி திறக்கும் நாளுக்கு முன் மனுவைப் போட்டுக் கொடுக்கட்டும். அடுத்த உழவர் திருவிழாவிலேயே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
கருவித் தொழில் வாசகர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்